பழைய கட்டடத்தை ஊர் எடுத்து நடத்த மானியம்: எங்கே கிடைக்கும், எங்கே தடுக்கும்?

மட்டக்களப்பில், புளியந்தீவின் பழைய கோட்டைக்குள் இயங்கிவந்த மாவட்டச் செயலகம் (கச்சேரி) 2024இல் திராய்மடுவின் புதிய கட்டடத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு புளியந்தீவில் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: "கச்சேரி போய்விட்டது, கோட்டைக்குள் நூலகமோ கைவினைச் சந்தையோ வைக்கலாமே? வெளிநாட்டு மானியம் எடுக்கலாமே?" இதே கேள்வி கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பூட்டிக் கிடக்கும் பழைய சங்கக் கடைகள், மிஷன் வீடுகள், ஓட்டுக் கூரைப் பள்ளிக்கூட மண்டபங்கள் பற்றியும் எழுகிறது. விடை ஒவ்வொரு கட்டடத்துக்கும் வேறு. ஏன் வேறு என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

மீள்பயன்பாடு என்றால் எது

பழைய கட்டடத்துக்குப் பணம் வரும் வேலைகள் மூன்று வகை. மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலாவது, இருப்பதை இருந்தபடி காப்பது. அம்பாறை மாவட்டத்தின் ராஜகல பௌத்த வனமடத்தில், அமெரிக்கத் தூதுவரின் பண்பாட்டுப் பாதுகாப்பு நிதியின் உதவியுடன் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகம் செய்த வேலை இந்த வகை. அங்கே யாரும் குடியேறப்போவதில்லை, அலுவலகமும் வராது. கல் சரியாமல் நின்றால் போதும்.

இரண்டாவது, அரசோ முதலீட்டாளரோ எடுத்து வணிகத்துக்கு விடுவது. 2011இல் திறக்கப்பட்ட கொழும்பு ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி இதற்கு உதாரணம். கடைகளும் உணவகங்களும் தரும் வாடகை கட்டடத்தைத் தாங்குகிறது. கோட்டைப் பகுதியின் வங்கிகளும் ஹோட்டல்களும் பக்கத்தில் இருப்பதால் அந்தக் கணக்கு அங்கே சரிவருகிறது.

மூன்றாவது, ஊரவர் ஒரு சங்கமாகக் கட்டடத்தை ஏற்று, வாசிகசாலை, பயிற்சி நிலையம், முதியோர் பகல் நிலையம், தையல் கூடம், பொது மண்டபம் போன்ற ஒன்றை நடத்துவது. சமூக மீள்பயன்பாடு என்பது இது. மூன்றில் கடினமானதும் இதுவே. வணிக வாடகை இருக்காது, தொல்பொருள் நிபுணர் குழு இருக்காது, ஆனால் கதவை நாள்தோறும் திறக்க வேண்டும். முதல் வகைக்கு உருவான நிதியை இந்த மூன்றாவது வகை வேலைக்குக் கேட்பதால் நிராகரிக்கப்படும் விண்ணப்பங்கள் பல.

1815 மார்ச் 2 என்ற கோடு

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் கட்டடங்களை ஒரு தேதியால் பிரிக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடம், யாரும் தனியாக அறிவிக்காமலே புராதனச் சின்னம் ஆகிறது. அதற்குப் பிற்பட்டதை, 16ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்து அந்த நிலைக்குக் கொண்டுவரலாம். அரச காணியில் இல்லாத சின்னத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கும் அதிகாரம் 18ஆம் பிரிவில் இருக்கிறது. அப்படி அறிவிக்கப்பட்டதில் திருத்தமோ மாற்றமோ சேர்க்கையோ செய்வதென்றால் 21ஆம் பிரிவின்படி தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

இந்தத் தேதிக் கோட்டினை மட்டக்களப்பு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர், ஒல்லாந்தர் 1638இல் பிடித்தனர். நான்கு கொத்தளம், இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி. கோட்டுக்கு வெகு முன்னால் நிற்கும் கட்டடம் இது. அதை ஒரு சங்கம் குத்தகைக்கு எடுத்து மானியம் வாங்கித் திருத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை. எந்த நிதியும் தொல்பொருள் திணைக்களத்தின் வழியாகவோ அதன் பங்காளித்துவத்துடனோதான் வர முடியும். சங்கம் கேட்கக்கூடியது உள்ளே ஓர் அறையை நடத்தும் பொறுப்பை மட்டுமே. பாலமீன்மடுவின் 1913 வெளிச்ச வீடு கோட்டுக்குப் பின்னால் நிற்கிறது. இந்த மாவட்டங்களின் மிஷன் கட்டடங்களும் பிரித்தானியர் கால வீடுகளும் பெரும்பாலும் அப்படித்தான். வர்த்தமானியில் பெயர் இல்லையென்றால் அவை சட்டத்தின் கண்ணில் சாதாரணக் கட்டடங்கள்.

இதில் ஒரு சறுக்கல். நிறுவனத்தின் வயது கட்டடத்தின் வயதாகாது. மெதடிஸ்த மத்திய கல்லூரி தொடங்கியது 1814இல். ஆனால் ஒரு பள்ளி வளவில் இன்று நிற்கும் சுவர் எந்த ஆண்டினது என்பதற்குத் தனிச் சான்று தேவை: அத்திவாரக் கல், நில அளவைப் படம், திருச்சபைப் பதிவேடு, ஓட்டின் உட்புறம் பதிந்த சூளைப் பெயர். விண்ணப்பத்தில் பள்ளி தொடங்கிய ஆண்டைக் கட்டடத்தின் ஆண்டாக எழுதிவிட்டு, மதிப்பீட்டாளர் ஓட்டைப் புரட்டிப் பார்த்த பிறகு திருத்துவது பெரிய சங்கடம்.

"திணைக்களத்துக்குச் சொன்னால் காணி போய்விடுமா?"

கிழக்கில் இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. அதன்பின் திணைக்களத்தின் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்துவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது.

சட்டத்தை மட்டும் பார்த்தால், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற அறிவிப்பு உரிமையை மாற்றுவதில்லை, உரிமையாளர் செய்யக்கூடிய வேலையைக் கட்டுப்படுத்துகிறது. காணியை அரசு எடுப்பதற்கு 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் என்ற வேறு பாதை இருக்கிறது. அந்த வேறுபாடு பயத்தைப் போக்கிவிடாது. ஆனாலும் ஒளித்து வேலை செய்வதால் வரும் நட்டம் பெரிது: பாரம்பரிய நிதி தரும் வெளிநாட்டு அமைப்புகள் பொதுவாக உரிய அதிகாரியின் சம்மதக் கடிதம் இல்லாமல் பணம் தருவதில்லை. 1815க்குப் பிற்பட்ட, வர்த்தமானியில் இல்லாத கட்டடமானால் "இது அறிவிக்கப்பட்ட சின்னம் அல்ல" என்று எழுத்தில் ஒரு பதில் வாங்கி வைப்பதே போதுமான பாதுகாப்பு. அந்தக் கடிதம் நிதி கேட்கும்போதும் உதவும், பின்னால் யாராவது முறைப்பாடு செய்தாலும் உதவும்.

13ஆவது திருத்தத்தின் மாகாண சபைப் பட்டியல், தேசிய முக்கியத்துவம் உடையவை என நாடாளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்படாத வரலாற்றுச் சின்னங்களை மாகாணத்துக்குத் தந்திருப்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். காகிதத்தில் அது நல்ல இடம். பணம் ஒதுக்கப்படும் இடமாக அது இன்னும் வளரவில்லை.

கட்டடம் யாருடைய கையில்?

மானிய விண்ணப்பத்தின் முதல் பக்கமே இதைக் கேட்கும். "பாவனையில் எங்களிடம்தான் இருக்கிறது" என்பது விடையாகாது. உரிமையின் வகைப்படி வழி மாறுகிறது:

1. அரச காணி. பிரதேச செயலாளர் வழியாக, 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குத்தகை. ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் அனுமதியை நிதி தருபவர் ஏற்கமாட்டார். திட்டம் முடிந்த பிறகும் பல ஆண்டு நிற்கும் நீண்டகாலக் குத்தகை வேண்டும்.

2. மாநகர, நகர, பிரதேச சபைக் கட்டடம். தவிசாளரின் வாய்வார்த்தை போதாது. சபைத் தீர்மானமும் கூட்டக் குறிப்பின் உறுதிப்படுத்திய பிரதியும் வேண்டும். தேர்தலில் சபை மாறினாலும் தீர்மானம் நிற்கும், வாய்வார்த்தை நிற்காது.

3. பாடசாலை வளவு. தேசியப் பாடசாலையா மாகாணப் பாடசாலையா என்பதைப் பொறுத்து யாரிடம் கேட்பது என்பது மாறும். பழைய மாணவர் சங்கம் விண்ணப்பித்தாலும் உரிமையாளரின் கையொப்பம் வேண்டும்.

4. திருச்சபை, கோயில், பள்ளிவாசல் சொத்து. நம்பிக்கையாளர் சபையின் தீர்மானம் தேவை. பள்ளிவாசல் சொத்தென்றால் 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. தனியார் வீடு. மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்வழிச் சீதனமாக இறங்குவதால் உறுதி மகளின், பேத்தியின் பெயரில் இருக்கும். அவர்களில் இருவர் கனடாவிலும் ஒருவர் இலண்டனிலும் இருப்பார்கள். பிரிக்கப்படாத பங்குகள் என்றால் எல்லாருடைய கையொப்பமும் வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் விண்ணப்பம் நின்றுவிடும். இதற்கு ஓராண்டு பிடிக்கலாம், முதலில் தொடங்க வேண்டிய வேலை இது.

கட்டடத்தை ஏற்கும் அமைப்பும் சட்டப்படி உள்ளதாக இருக்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம் ஆகியவை சிறு அரச நிதிக்குப் போதும். நீண்ட குத்தகை எழுதவும் பெரிய தொகை ஏற்கவும், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதியும் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி பொருத்தம். அல்லது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதியலாம்.

ஒரு சின்ன விஷயம் பலரை மாதக்கணக்கில் நிறுத்துகிறது: பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல். பதிவுச் சான்றிதழில் களுவாஞ்சிகுடியை ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும், கடிதத் தலைப்பில் மூன்றாவது விதமாகவும் எழுதியிருப்பார்கள். தமிழில் பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே ஊர். வெளிநாட்டு மானியப் பதிவுத்தளத்தின் கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு அமைப்புகள். அமெரிக்க அரச நிதிக்கு வேண்டிய சாம் (SAM) என்ற இணையப் பதிவில் பெயரும் முகவரியும் ஓரெழுத்து பிசகாமல் பொருந்த வேண்டும். வங்கிக் கணக்கைச் சான்றிதழின் எழுத்துப்படி மாற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குவது நல்லது.

பணம் எங்கிருந்து, எதற்கு, எதற்கில்லை

உள்ளூர்ப் பணம் முதலில். நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, மாகாணத்தின் பிரமாண அடிப்படையிலான கொடை, உள்ளூராட்சி சபையின் சொந்த வரவு ஆகியவை கதவு, மின்சாரம், மலசலகூடம் போன்ற சிறு மூலதன வேலைக்குக் கிடைக்கலாம். ஆனால் அவை புதுக் கட்டட வேலைக்கான மதிப்பீட்டு முறையில் வருகின்றன. பழைய கட்டடத்தில் அந்த முறை என்ன செய்யும் என்பது கீழே.

வெளிநாட்டு அரசுகளின் பாரம்பரிய நிதிகளில் இலங்கைக்கு நன்கு தெரிந்தது மேலே சொன்ன அமெரிக்கத் தூதுவர் நிதி. 2001இல் தொடங்கியது. அதன் விதிகளில் எதற்கெல்லாம் பணம் இல்லை என்பதை ஊர்ச் சங்கம் முதலில் படிக்க வேண்டும்: தனியாருக்கோ வணிகத்துக்கோ சொந்தமான சொத்து, புதுக் கட்டடமும் விரிவாக்கமும், சொத்து வாங்குவது, மானிய அறிவிப்புக்கு முன் செய்த வேலை, நிதி திரட்டும் செலவு, வைப்பு நிதி, எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு. சீதன வீடு இந்தப் பட்டியலின் முதல் வரியிலேயே விழுந்துவிடும். எதிர்பாராச் செலவுக்கு இடமில்லை என்பது பழைய கட்டடத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை என்பது வரவுசெலவுப் பகுதியில் தெரியும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது நினைவிருக்கும். நடப்பு ஆண்டின் அறிவித்தல் கையில் வரும்வரை இதை நம்பிக் கூரையைக் கழற்றக் கூடாது.

ஒல்லாந்தர் கால எச்சங்களுக்கு நெதர்லாந்து அரசின் பன்னாட்டுப் பாரம்பரிய ஒத்துழைப்புத் திட்டம் இருக்கிறது. இலங்கை அதன் பங்காளி நாடுகளில் ஒன்றாக இருந்துவருகிறது. அங்கே பெரும்பாலும் கிடைப்பது நிபுணத்துவமும் பயிற்சியும், செங்கல்லுக்கான காசு குறைவு. உலகச் சின்னங்கள் நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலில் இடம்பெறுவது கவனத்தைத் தரும். அதுவே காசோலை ஆகிவிடாது.

பிரித்தானியாவில் இதை எப்படிப் பிரித்தார்கள்

சமூக மீள்பயன்பாட்டுக்கென்றே நிதி உருவாக்கிய நாடுகளில் பிரித்தானியா முன்னால் நிற்கிறது. அந்தப் பணம் இங்கே வராது, ஆனால் அதன் அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

1976இல் தொடங்கிய கட்டடக்கலைப் பாரம்பரிய நிதியம், திருத்த வேலைக்குப் பணம் தருவதற்கு முன் "இது நடக்குமா" என்று பார்ப்பதற்கே ஒரு சிறு மானியம் தருகிறது. கட்டடத்தின் நிலை என்ன, என்ன பயன்பாடு பொருந்தும், வருமானம் வருமா என்ற மூன்றுக்கும் விடை தேட அந்தத் தொகை. விடை "நடக்காது" என்று வந்தால் அதுவும் ஏற்கத்தக்க முடிவு. சிறு தொகையில் பெரிய நட்டம் தவிர்க்கப்பட்டது என்று அர்த்தம். நடக்கும் என்றால் பெரிய வேலைக்குக் கடனும் உண்டு.

தேசிய லொத்தர் பாரம்பரிய நிதியம் 10,000 பவுண் முதல் 1 கோடி பவுண் வரை தருகிறது. 250,000 பவுணுக்கு மேல் கேட்டால் இரண்டு கட்டம்: முதலில் வரைபடம், ஆய்வு, அனுமதி, இயக்கத் திட்டம் ஆகியவற்றுக்கு மட்டும் பணம். அவற்றை மீண்டும் மதிப்பிட்ட பிறகே கட்டுமானப் பணம்.

இலங்கையில் இப்படி முன்னாய்வுக்குத் தரும் நிதி மிகக் குறைவு. விளைவு என்ன? ஆய்வில்லாமல் மதிப்பீடு, மதிப்பீட்டில் பாதி ஊகம், நடுவில் பணம் தீர்வது. ஆகவே முதல் இரண்டு மூன்று இலட்சத்தை ஊர்ப் பணமாகவோ புலம்பெயர்ந்த பழைய மாணவர் பணமாகவோ திரட்டி, பெயின்ட் அடிக்காமல் ஆய்வுக்குச் செலவிடுவது எங்கள் கணிப்பில் மிகச் சிறந்த முதலீடு. பெயின்ட் அடித்தால் படம் நன்றாக வரும், உண்மைதான். அடுத்த மாரியில் அந்தப் படமும் உரிந்துவிடும்.

அந்த ஆய்வில் இருக்க வேண்டியவை: அளந்து வரைந்த தளப்படமும் குறுக்குவெட்டும், அறை அறையாக நிலை அறிக்கை, கூரை மரத்தில் கறையான் சோதனை, சுவரில் ஈரம் ஏறிய உயரம், கட்டடம் ஏன் முக்கியம் என்று இரண்டு பக்கம். இந்த முக்கியத்துவ அறிக்கை கல்லைப் பற்றியது மட்டுமல்ல. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் போன்றவரோடு ஓர் இடத்துக்கு இருக்கும் தொடர்பும், 1978 நவம்பர்ச் சூறாவளியில் ஊர் அடைக்கலம் புகுந்த மண்டபம் என்பதும் மதிப்புத்தான், சான்று இருக்கும்வரை.

சுவரும் சுண்ணாம்பும்: மதிப்பீடு பிழைக்கும் இடம்

இங்கே பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியவை. அரச மதிப்பீட்டில் பழகிய தொழினுட்ப உத்தியோகத்தர், வேலைகளையும் அளவுகளையும் வரிவரியாகக் காட்டும் பி.ஓ.கியூவில் எழுதுவது சீமெந்துப் பூச்சு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருடைய விலைப்பட்டியலில் இருப்பது அது.

வாவிக்கரை நிலத்தில் நடப்பது இது. நிலத்து நீர் உப்போடு சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். உப்பு வெளிமுகத்தில் வெள்ளையாகப் பூக்கும், துடைத்துவிடலாம். சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலும் ஏறும். முழங்காலளவில் நின்ற ஈரக்கோடு இடுப்பளவுக்கு வரும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தை மாவாக உதிர்க்கும். இரண்டு மாரி போனதும் சீமெந்து பலகை பலகையாகக் கழன்று விழும், கூடவே செங்கல்லின் தோலும் வரும். அப்போது "பழைய சுவர் பலமில்லை, இடியுங்கள்" என்று ஒருவர் சொல்வார்.

சரியான வேலைக்குச் சில அளவுகள்:

1. பழைய சீமெந்துப் பூச்சை, ஈரக்கோட்டுக்கு மேல் குறைந்தது அரை மீட்டர் வரை, கையால் கொத்தி எடுப்பது. இயந்திரம் வேண்டாம். எடுத்தபின் சுவர் ஒரு வெயில் பருவமாவது திறந்து உலர வேண்டும். இந்தக் காலத்தை வேலை அட்டவணையில் காட்டுங்கள்.

2. நீற்றிப் பல வாரம் ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்றுமணல் 3 பங்கு. கடற்கரை மணல் கூடாது. உப்பை விலை கொடுத்து வாங்கிச் சுவரில் பூசுவதாகும். பவளக்கல் சுண்ணாம்பைத் தேட வேண்டாம், கரையோரத்தில் பவளம் அகழ்வது தடை.

3. ஒரு தடவைக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர். தடித்து ஒரேயடியாகப் பூசினால் வெடிக்கும்.

4. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூச்சு மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும், அதனால் மயிர்வெடிப்பு வரும். நனைத்த சாக்குத் தொங்கவிட்டு, நாளுக்கு இருமுறை நீர் தெளித்து ஒரு வாரமாவது காக்க வேண்டும். இதற்கான கூலியையும் பி.ஓ.கியூவில் ஒரு வரியாகப் போட வேண்டும். போடாவிட்டால் ஒப்பந்தக்காரர் செய்யமாட்டார்.

கூரையில் தட்டையோடு என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15. கழற்றும்போது மூன்றில் ஒன்று உடையும் என்று வைத்தே பழைய ஓடு தேடத் தொடங்குங்கள். புதியதும் பழையதும் பூட்டும் வாய் பொருந்தாமல் போவதுண்டு. ஆகவே நல்ல பழைய ஓட்டை ஒரு பக்கச் சரிவில் ஒன்றாகவும், புதியதை மறுபக்கத்திலும் போடுவது அனுபவமுள்ள ஓட்டாசாரிகளின் வழக்கம். சூறாவளிக்குப் பின் அஸ்பெஸ்டஸ் ஏறிய கூரையென்றால் தகடுகளை நனைத்து, உடைக்காமல் இறக்கி, அகற்றும் செலவைத் தனியாகக் காட்ட வேண்டும்.

பொதுமக்கள் வரும் இடமானால் மாற்றுத்திறனாளிகளின் அணுகலுக்கான 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் உண்டு. சாய்தளம் 1க்கு 12. 600 மில்லிமீட்டர் உயரத் திண்ணைக்கு 7.2 மீட்டர் நீளம் பிடிக்கும். முன்வாசலின் தோற்றம் கெடாமல் பக்கவாட்டில் வைக்க இடம் இருக்கிறதா என்று ஆய்வின்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோடி என்பது ஒரு கோடி அல்ல

கணக்கைக் காட்ட ஓர் உதாரணம். வேலையின் அடிப்படை மதிப்பீடு 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1. எதிர்பாராச் செலவு 15 வீதம்: 15 இலட்சம். புதுக் கட்டடத்துக்கு 5 வீதம் போதும். பழையதில் கூரையைத் திறந்த பிறகே சுவர்த்தட்டு மரம் உளுத்திருப்பது தெரியும்.
2. மேற்பார்வைக் கட்டணம் 8 வீதம், 1 கோடி 15 இலட்சத்தில்: 9 இலட்சத்து 20 ஆயிரம்.
3. ஒப்பந்தக்காரர் பெறுமதி சேர் வரிக்குப் பதிந்தவரானால் 18 வீதம், அதே 1 கோடி 15 இலட்சத்தில்: 20 இலட்சத்து 70 ஆயிரம்.

மொத்தம் 1 கோடி 44 இலட்சத்து 90 ஆயிரம். ஒரு கோடி கேட்டு ஒரு கோடி கிடைத்த சங்கம் வேலையை முக்கால்வாசிக்கு முன்னாலேயே நிறுத்த வேண்டிவரும். எதிர்பாராச் செலவை ஏற்காத நிதியிடம் கேட்டால் அந்த 15 இலட்சம் சங்கத்தின் சொந்தப் பங்களிப்பாக இருக்க வேண்டும். "பங்களிப்பு" என்ற கட்டத்தில் சிரமதானத்தை மட்டும் எழுதுபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டொலரில் அங்கீகரித்து ரூபாயில் செலவழிக்கும் திட்டங்களுக்கு இன்னொரு பொறி. 2022இல் இரண்டு மூன்று மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. டொலரில் பெற்றவர்களுக்கு ரூபாய் கூடியது போலத் தோன்றியது. சீமெந்தும் இரும்பும் அதே வேகத்தில் ஏறின. ரூபாயில் பெற்றவர்களுக்கு அந்தத் தோற்றம்கூட இல்லை.

பணம் வரும் வரிசையும் முக்கியம். 50, 40, 10 வீதம் என்று மூன்று தவணை என்றால் கடைசி 10 வீதம் கணக்காய்வு அறிக்கைக்குப் பிறகே வரும். ஆனால் ஒப்பந்தக்காரரின் கடைசி பில் அதற்கு முன் வந்துவிடும். அவரிடம் பிடித்துவைக்கும் 5 வீதத் தடுப்புப் பணம் இடைவெளியில் பாதியைத் தாங்கும். மீதி 5 வீதத்துக்குச் சங்கத்திடம் கைக்காசோ வங்கி வசதியோ இருக்க வேண்டும்.

மாரியும் டிசம்பர் 31உம்

அரச நிதி ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு அங்கீகரிக்கப்பட்டு, விலைமனு கோரி, ஒப்பந்தம் கைச்சாத்தாகும்போது பெரும்பாலும் ஆவணி, புரட்டாதி ஆகிவிடும். டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்ற அவசரத்தில் கூரையைக் கழற்றுவது ஐப்பசியில். மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழை இறங்குவதும் அப்போது. 100 ஆண்டு தாங்கிய சுவர் கூரையின்றி ஒரே மாரியில் ஊறிச் சரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பாதுகாப்பான ஒழுங்கு: பிந்திக் கிடைத்த பணத்தில் அந்த ஆண்டு கூரையைத் தொடாமல், மரமும் ஓடும் சுண்ணாம்பும் வாங்கிச் சேமிப்பது, கதவு யன்னலைப் பட்டறையில் திருத்துவது, மின்கம்பி வேலையை முடிப்பது. கூரை மாரி முழுதாக ஓய்ந்தபின் பங்குனியில் திறந்து ஆவணிக்குள் மூடப்பட வேண்டும். இதை விண்ணப்பத்திலேயே மாதம் போட்டு எழுதினால், நிதி அதிகாரி பிறகு அவசரப்படுத்தும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும். கடற்கரையிலிருந்து 300 மீட்டருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிக்கும், நகர அபிவிருத்தி அதிகார சபைப் பிரதேசமானால் அவர்களுடைய அனுமதிக்கும் வேண்டிய மாதங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம்

மானியங்கள் மூலதனச் செலவுக்கு. மீண்டெழும் செலவுக்கு, அதாவது மாதாமாதம் வரும் செலவுக்கு, ஏறக்குறைய யாரும் தருவதில்லை. அதே 1 கோடி 44 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய் மண்டபத்தை ஒரு மாதம் திறந்து வைக்க உதாரணக் கணக்கு:

1. காவலாளி 35,000 ரூபாய், சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம் சேர்த்து 40,250.
2. மின்சாரமும் நீரும் 12,000.
3. துப்புரவு, சில்லறை 8,000.
4. பராமரிப்பு ஒதுக்கம், வேலைப் பெறுமதியில் ஆண்டுக்கு 1.5 வீதம் என்றால் மாதம் ஏறத்தாழ 18,100. ஓடு மாற்ற, கறையான் மருந்தடிக்க, சுண்ணாம்பு வெள்ளையடிக்க இது.

மொத்தம் 78,350. மண்டபத்தை நாளுக்கு 8,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டால் மாதம் 10 நாள் வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மாரியில் கூட்டங்கள் குறைவு. சராசரி 6 நாள் என்றால் வரவு 48,000. ஒவ்வொரு மாதமும் 30,350 துண்டு விழும். முதலில் நிற்பது நாலாவது வரிதான், ஏனென்றால் அதைக் கொடுக்காவிட்டால் யாரும் கதவைத் தட்டி வந்து கேட்கமாட்டார்கள்.

துண்டை அடைக்கும் வழி, தெருமுகத்து அறை ஒன்றைத் தனியாக வாடகைக்கு விடுவது: தொடர்பாடல் நிலையம், கூட்டுறவு விற்பனைக் கடை, தனியார் வகுப்பு. மாதம் 30,000 ரூபாய் நிலையாகக் கிடைத்தால் துண்டு ஏறக்குறைய அடைபடும். ஆனால் இதை விண்ணப்பிக்கும் முன் மானிய விதிகளோடும் குத்தகையின் பயன்பாட்டு வாசகத்தோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். "பொதுத் தேவைக்கு மட்டும்" என்று எழுதிய குத்தகையில் கடை திறந்தால் குத்தகையே ரத்தாகலாம். வாசகத்தில் "பொதுத் தேவைக்கும், அதன் பராமரிப்புக்கு வருமானம் தரும் துணைப் பயன்பாட்டுக்கும்" என்ற சொற்களைச் சேர்க்கும்படி கையொப்பத்துக்கு முன்னரே பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கைச்சாத்தான பிறகு அந்த ஒரு வரியைச் சேர்க்கக் கோப்பு மீண்டும் முதலிலிருந்து எல்லா மேசையையும் சுற்ற வேண்டும்.